தொண்ணூற்றொன்று

அஸ்தம்பட்டி பங்க்கில் மாதேஸ்வரி குனிந்து கேட்டாள்,
தோசைக்கடையில் கேட்பதுபோல:
"சாதாவா, ஸ்பெஷலாக்கா?"
நான் வாய் திறக்குமுன்
பின்சீட்டிலிருந்து அக்கா வீட்டுக்காரர் சொன்னார்:
"மலை ஏறுதில்ல. நல்லதாவே போடும்மா."

நல்லது, லிட்டருக்கு ஒன்பது ரூபாய் கூட.
முப்பது லிட்டர்.

வண்டி என்னுடையது, தவணையும்.
பதிமூன்று வருடம் மூன்று பேரிடம் உழைத்துவிட்டு
நாலாவதாக என்னிடம் வந்தது.
கூடவே வரவேண்டிய கையேடு
இரண்டாமவர் வீடு மாறியபோது தொலைந்ததாம்.
அதனால் என்ன பெட்ரோல் என்பதில்
ஆளுக்கொரு தீர்ப்பு.

'நல்லது' என்ற சொல்லோடு
எனக்குத் தினமும் பழக்கம்.
ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலையில்
வெண்மை அளக்கும் வேலை.
தட்டில் ஒரு கைப்பிடி பரப்பி
மீட்டர் காட்டுவதை நோட்டில் எழுதுவேன்.
எண் ஏறினால் மூட்டைக்கு விலை ஏறும்.
பாயசத்துக்கு அது தெரியாது.

அடிவாரம் தாண்டியதும் சொல்லிப் பார்த்தேன்:
மாமா, சிலிண்டருக்குள்ள காத்தையும் பெட்ரோலையும்
பத்துல ஒரு பங்கா நசுக்கும்.
பிளக்குல பொறி வர்ற வரைக்கும்
அது தானா வெடிச்சிடக் கூடாது.
எவ்வளவு நசுக்கினா தாங்கும்கிறதுதான் அந்த நம்பர்.
அவ்வளவு நசுக்காத இன்ஜினுக்கு...
"அதத்தான் நானும் சொல்றேன்," என்றார்.
"நல்லதா இருந்தா நல்லதுதானே."

அக்கா மரகதம் ஜன்னலோரம்.
மடியில் தட்டுவடை டப்பா,
மேலே ஹாஸ்டலில் படிக்கும் பையனுக்கு.
கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம்.

மஞ்சள் பலகையில் 9/20.
பஸ் ஒன்று வளைந்து இறங்கும்வரை நின்று
நகர்ந்து, மூன்றுக்கு மாற்றி,
அடுத்த ஏற்றத்தில் கை இரண்டாம் கியருக்குப் போனது.
"மூணுலயே இழு. பெட்ரோல் மிச்சமாகும்."
ஒன்பது ரூபாய் கூடக் கொடுக்கவைத்த அதே குரல்.
இழுத்தேன்.

முன்னாலிருந்து ஒரு சத்தம்.
தகர டப்பாவில் ஜவ்வரிசியைப் போட்டுக் குலுக்கியதுபோல,
விடாமல், உள்ளங்கைவரை.

"கலப்படம்! அந்தப் பங்க்கே சரியில்ல."
"ஏசியை நிறுத்து."
"இன்னும் மிதி, இன்னும் மிதி."
"மேட்டுல பொம்பளைங்க..."

"அவ ஓட்டட்டும்."

அக்காதான்.
திரும்பாமல், கண்ணாடிக்கு வெளியே இருந்த
ஏதோ மரத்திடம் சொன்னதுபோல.
மடியில் டப்பா அசையவில்லை.

இரண்டாம் கியர்.
சத்தம் நின்றது.

அதன்பிறகு வளைவுகள் வந்தன, போயின.
மேலே போகப்போகக் காற்று மெலியும்.
சிலிண்டருக்குள் நுழைவது குறையும்,
நசுக்கக் கிடைப்பதும் குறையும்.
சேலத்து வெயிலில் முனகும் வண்டி
ஏற்காட்டில் பேசாமல் ஓடும்.
மலையில் எண் கொஞ்சம் இறங்கினாலும்
குற்றமில்லை என்று தோன்றியது.
யாருக்கும் சொல்லவில்லை.
சில்வர் ஓக் உச்சிவரை மிளகுக்கொடி.
பதினாறாம் வளைவில் பின்னால்
ஒரு தொண்டை செருமியது,
வார்த்தை எதுவும் வரவில்லை.

ஏரிக்கரையில் நிறுத்தினேன்.
அவர் மிளகாய் பஜ்ஜி வாங்கப் போனார்.
காரணமில்லாமல் பெட்ரோல் டேங்க் கதவைத் திறந்தேன்.
உள்பக்கம், முன்னே வைத்திருந்த ஏதோ ஒரு வீட்டுக் குழந்தை
ஒட்டிவிட்டுப் போன பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்.
நகத்தால் சுரண்டச் சுரண்ட
ஒரு றெக்கை மட்டும் கையோடு வந்தது.
அடியில் கம்பெனி எழுத்து:
குறைந்தபட்சம் 91.

அக்கா எட்டிப் பார்த்தாள்.
"இவ்வளவு போதுமா இதுக்கு?"

பஜ்ஜிக் கடையில் அவர் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.
டப்பாவை வண்டிமேல் வைத்துவிட்டு
இன்னொரு றெக்கையை
அவளே உரிக்கத் தொடங்கினாள்.